ஒரே இடத்துக்கு இரு நண்பர்கள்: பள்ளி அணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலைக்கு மேலாகப் பந்தைக் காலால் உதைத்து ஆடும் செப்பாக் தக்ராவ் ஆட்டத்தில் ஓர் அணிக்கு மூவரே களமிறங்குவார்கள். அவர்களுள் பந்தை உதைத்துத் தொடங்கிவைக்கும் தெக்கோங் ஒருவர்தான். சிங்கப்பூரின் உயர்நிலைப் பள்ளியொன்றில் ஒரே இணைப்பாட நடவடிக்கையில் சேர்ந்து, ஒரே பேருந்தில் வீடு திரும்பும் இரு நண்பர்களுமே அந்த இடத்தை விரும்பினால் சிக்கல் பிறக்கிறது.

அப்போது இருவரும் செய்யும் முதல் தவறு, ஆசையே இல்லாததுபோல் நடிப்பது. "நீயே ஆடுடா, எனக்கென்ன" என்று சொன்னவன் இரவில் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் தனியே உதைத்துப் பழகுவதை (அங்கே பந்து விளையாடுவதற்குப் பெரும்பாலும் தடை என்பது வேறு கதை) நண்பன் பார்க்க நேர்ந்தால், போட்டியிட்டதைவிட மறைத்ததே அதிகம் சுடும்.

இதைவிட நுட்பமான தவறு கைவழியே நடக்கிறது. தெக்கோங் தமக்குத் தாமே பந்தை எறிந்துகொள்வதில்லை. 30 செண்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் ஒரு காலை ஊன்றியபடி, வலையருகே நிற்கும் சக ஆட்டக்காரர் எறியும் பந்தை அவர் மறுகாலால் உதைக்கிறார். பந்து ஒரு சாண் தள்ளி வந்தாலும் உதை வலையில் மாட்டிக்கொள்ளும். பார்ப்பவர்களோ தெக்கோங்தான் சொதப்பினார் என்பார்கள். தேர்வு நாளில் நண்பனுக்கு அசட்டையாக எறிந்தால் யாராலும் நிரூபிக்க முடியாது, ஆனால் இருவருக்கும் தெரிந்துவிடும். எந்த உயரத்தில் வேண்டும் என்று கேட்டு எறிவதே முறை. இரக்கப்பட்டு வேண்டுமென்றே மோசமாக உதைப்பதும், என் பார்வையில், அதே ஏமாற்றுதான்.

பெற்றோரின் பங்கும் சிறிதன்று. இணைப்பாட நடவடிக்கைகளில் மிகச் சிறந்த நிலையை எட்டினால் தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரிச் சேர்க்கைக்கு 2 ஊக்கப் புள்ளிகள் கிடைக்கும் என்பதற்காகப் பிள்ளையின் நண்பனைத் தடைக்கல்லாகப் பார்க்கிறார்கள். அந்த நிலை போட்டிச் சாதனையை மட்டும் வைத்து அளிக்கப்படுவதன்று. பங்கேற்பு, தலைமைத்துவம், சேவை ஆகியவையும் கணக்கில் சேரும்.

களமிறங்கும் மூவரின் பட்டியலில் பெயர் இல்லை என்றதும் பயிற்சிக்கு வராமலிருப்பது இறுதித் தவறு. ஆட்டத்தின் நடுவே தெக்கோங்கின் கணுக்கால் பிசகினால், அந்தச் சிறு வட்டத்துக்குள் போய் நிற்க வேண்டியவர் மாற்று ஆட்டக்காரரான அந்த நண்பர்தான்.