நைட் ஷிப்டிலிருந்து பகல் வேலைக்கு: உடல் கடிகாரத்தைத் திருப்புவது எப்படி?

இரவு ஷிப்டை விட்டுப் பகல் வேலைக்கு மாறுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி மாறியவன்தான். "பத்து மணிக்கே படுத்துவிடு, சரியாகிவிடும்" என்பார்கள். படுக்கலாம், தூக்கம் வராது. கடிகாரத்தை நகர்த்துவது முக்கியமாக வெளிச்சம்தான்.

கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையில் சுமார் 20,000 செல்கள் சேர்ந்து இந்தக் கடிகாரத்தை ஓட்டுகின்றன. அதன் ஒரு சுற்று, சராசரியாக 24 மணி நேரத்தைவிடப் பத்து நிமிடம்போல நீளம். சும்மா விட்டால் தூக்கம் நாளுக்கு நாள் பின்னால் தள்ளிப்போகும். விழித்திருப்பது சுலபமாகவும் சீக்கிரம் தூங்குவது கடினமாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஊருக்கும் இந்த ஆராய்ச்சியில் பெரிய பங்கு உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் அவர் குழுவினரும் கீழக்குயில்குடி சமணர் மலைக் குகை வௌவால்களை ஆராய்ந்தார்கள். கூட்டம் வசிக்கும் குகையில் தனியே அடைத்த வௌவால், வெளிச்சம் இல்லாமலேயே கூட்டத்தின் நேரத்தைப் பிடித்துக்கொண்டது. கூட்டம் இல்லாத இடத்தில் அது தன் சொந்த நேரப்படி விலகிப்போனது. மதுரைக்காரர்கள் பெருமையோடு தெரிந்துவைத்திருக்க வேண்டிய வேலை இது.

சரி, செய்முறைக்கு வருவோம்.

படி 1: திரும்பும் நேரம். அலாரம் இல்லாமல் இப்போது எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்று சில நாள் குறித்து வையுங்கள். அதிலிருந்து இரண்டு, மூன்று மணி நேரம் கழியுங்கள். ஏறக்குறைய அப்போதுதான் உடல் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும். அதைத்தான் திரும்பும் நேரம் என்கிறேன்.

படி 2: வெளிச்சம். என்னை அதிகம் இழுத்தடித்தது இந்தப் படிதான். அந்த நேரத்துக்குப் பிறகு படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் நகர்த்தும், அதாவது தூக்கமும் விழிப்பும் சீக்கிரமே வரும். அதற்கு முன் பட்டால் பின்னால் தள்ளும். விடிகாலை நாலு மணிக்குத் தூங்கி நண்பகலில் எழுபவருக்குத் திரும்பும் நேரம் ஒன்பது, பத்து மணி. அவர் முதல் நாளே ஆறு மணிக்கு வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். "காலை வெயில் நல்லது" என்ற அறிவுரை இவருக்குப் பொருந்தாது. பத்தரை மணி வெயிலில் தொடங்கி, நாளுக்கு அரை மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள். எழும் நேரத்தையும் கூடவே நகர்த்துங்கள். திரும்பும் நேரத்துக்கு முன்னால் வெளியே போயே ஆகவேண்டும் என்றால் கூலிங் கிளாஸ் போடுங்கள்.

வீட்டு டியூப்லைட் இதற்குப் போதாது. அறைக்குள் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தாலே அதிகம். வெளியே பகலில் பத்தாயிரத்தைத் தாண்டும். மொட்டை மாடி போதும்.

படி 3: இருட்டு. படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே பெரிய விளக்குகளை அணைத்துவிடுங்கள். போனில் மஞ்சள் திரை வைப்பதைவிடப் போனையே அடுத்த அறையில் வைப்பது மேல். தூக்கத்தை அளக்கும் வாட்ச் வேண்டாம். ஒரு சாதாரண அலாரமும் கெட்டியான கறுப்புத் திரைச்சீலையும் வாங்குங்கள்.

படி 4: சாப்பாடு, காபி. கல்லீரலுக்கும் தனிக் கடிகாரம் உண்டு. அது சாப்பாட்டு நேரத்தைப் பார்த்து ஓடுகிறது. நள்ளிரவுப் பரோட்டாவைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள், வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போதே சாப்பிடுங்கள். குடித்த காபியில் பாதி காஃபின் ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும் என்பதால் மதியத்தோடு நிறுத்துங்கள்.

படி 5: வேலை. கடிகாரம் பகலுக்குத் திரும்பியதும், கணக்கு, எழுத்து போன்ற கடினமான வேலைகளை முற்பகலில் வையுங்கள். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை மந்தம் வருவது இயல்பு. போன் பேசுவது, ஃபைல் அடுக்குவது அப்போது.

பின்சேர்க்கை: வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுகிறவர்கள் கேட்டிருந்தீர்கள். இந்த முறை உங்களுக்குச் சரிவராது. கடிகாரம் ஒரு பக்கம் திரும்புவதற்குள் ஷிப்ட் மாறிவிடும். பகலில் தூங்கும் அறையை நன்றாக இருட்டாக்குங்கள். மேலாளரிடம் பேச முடிந்தால் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் ஷிப்டைக் கேளுங்கள். பின்னால் தள்ளிப்போவது உடம்புக்குச் சுலபம்.

இன்னொன்று. கடிகாரம் குலைந்திருக்கும்போது எரிச்சலும் சோர்வும் வரும், அதை வீட்டில் சோம்பேறித்தனம் என்பார்கள். அது சோம்பேறித்தனம் அல்ல. தூக்கம் சீரான பிறகும் மனம் கனத்தே கிடந்தால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மனாஸ் எண் 14416, கட்டணமில்லை. இருதுருவ மனநோய்க்கு (பைபோலார்) மருந்து எடுப்பவர்கள் மட்டும், தூக்க நேரத்தையும் வெளிச்சத்தையும் மாற்றும் முன் உங்கள் மனநல மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.