பராமரிப்பு இல்லத்திலிருந்து தோட்டத்துக்கு: வீடு திரும்புவோருக்குத் துணை நிற்கும் அமைப்பொன்றை மலையகத்தில் தொடங்கும் முறை

மனநல வைத்தியசாலையிலோ, முதியோர் இல்லத்திலோ, மாற்றுத்திறனாளிகளுக்கான நிலையமொன்றிலோ பல ஆண்டுகளைக் கழித்துவிட்ட ஒருவரை அவர் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்துக்கு அழைத்து வந்து, அங்கே நிலைத்து வாழச் செய்வது ஒரு நாள் வேலையன்று. இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை போன்ற ஊர்களில் இப்பணியில் இறங்க எண்ணுவோர் என்னிடம் முதலில் கேட்பது வாகனத்தைப் பற்றியும் பணத்தைப் பற்றியும்தான். நான் முதலில் கேட்பது முகவரியைப் பற்றி. நெடுங்காலம் இல்லமொன்றில் இருந்தவருக்கு அந்த இல்லமே முகவரியாகிவிடுகிறது. தோட்டத்தில் அவருடைய பெயர் வாக்காளர் இடாப்பிலிருந்தும், குடும்ப விவரத்திலிருந்தும், சில வேளைகளில் உறவினரின் பேச்சிலிருந்தும் நீங்கிவிடுகிறது. அந்த முகவரியை மீட்டுக் கொடுப்பதே இச்சேவையின் முதல் வேலை. ஏனைய அனைத்தும் அதன் பின்னரே.

அமெரிக்காவில் இத்தகைய சேவைக்குத் தெளிவான பாதையொன்று உள்ளது. 1965இல் தொடங்கப்பட்ட மெடிக்கேட் என்னும் அரச மருத்துவ உதவித் திட்டத்தின் கீழ், தகுதியுள்ள நிறுவனங்கள் தத்தம் மாநிலத்தில் சேவை வழங்குநராகப் பதிந்து, பின்னணிச் சோதனைகளைக் கடந்து, உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, செய்த சேவைக்கான கட்டணத்தைப் பெறுகின்றன. தேவையின்றி ஒருவரை நிறுவனத்துக்குள் வைத்திருப்பது பாகுபாடாகும் என்று 1999இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஓம்ஸ்டெட் வழக்கில் தீர்ப்பளித்தது; நிறுவனத்திலிருந்து வெளியேறுபவருடனேயே அவருக்கான நிதியும் செல்ல வேண்டும் என்ற திட்டம் 2005ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் உருவானது. நமது நாட்டில் அவ்வாறு கட்டணம் செலுத்தும் அமைப்பு எதுவுமில்லை. எனினும், அங்கே இடமாற்றச் செலவு என்று எவற்றை ஏற்கிறார்கள் என்பதை நாம் கவனிக்கலாம்: வீட்டுக்கான முற்பணம், கட்டில், சமையல் பாத்திரங்கள், மின் இணைப்பு போன்ற ஒருமுறைச் செலவுகளை ஏற்கிறார்கள், மாதாந்த வாடகையை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒருமுறைச் செலவையும் தொடர் செலவையும் இவ்வாறு பிரித்து எழுதும் பழக்கம் நமது சிறிய வரவுசெலவுத் திட்டத்துக்கும் மிக அவசியமாகும்.

அமைப்பைப் பதிவு செய்தல்

தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதிவு செய்வதற்கும் மேற்பார்வை செய்வதற்குமான 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொள்வது பொதுவான வழி. ஒரு பிரதேசத்துக்குள் மட்டும் இயங்குவதாயின் பிரதேச செயலகத்தில் தொடங்குங்கள். யாப்பு, நிர்வாகக் குழுவின் விவரம், செயற்திட்டம், உத்தேச வரவுசெலவு ஆகியவற்றை முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொண்டு சென்றால் வீண் அலைச்சல் குறையும். மாற்றுத்திறனாளிகளுக்குச் சேவை வழங்குவதானால் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தையும், முதியோருக்கானால் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தையும் வாசித்து, அவற்றின் கீழும் பதிவு தேவையா என்பதைச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஆட்களைத் தங்கவைக்கும் இல்லமொன்றை நடத்தும் எண்ணத்தை மட்டும் தொடக்கத்திலேயே கைவிடுமாறு வேண்டுகிறேன். ஓர் இல்லத்திலிருந்து எடுத்து இன்னோர் இல்லத்தில் வைப்பதற்காக நாம் இந்த வேலையைத் தொடங்கவில்லை.

பணியாளர்களைப் பொறுத்தவரை, இருவர் இருந்தால் தொடங்கலாம். அவர்களுள் ஒருவராவது பெண்ணாக இருத்தல் வேண்டும்; ஒருவராவது சிங்களத்தில் தடையின்றி எழுதவும் வாசிக்கவும் தெரிந்தவராக இருத்தல் வேண்டும். வைத்தியசாலைக் குறிப்புகள் ஆங்கிலத்திலும், பல அலுவலகக் கடிதங்கள் சிங்களத்திலும், குடும்பத்தினர் தமிழிலும் இருக்கும் இடத்தில் மொழி தெரியாமையால் ஒரு கோப்பு மாதக்கணக்கில் தேங்கிவிடும். இருவரிடமும் பொலிஸ் நற்சான்றிதழ் பெற்றுக் கோப்பில் வையுங்கள். தனித்து நிற்கும் ஒருவரின் அறைக்குள் செல்லும் உரிமையை நாம் கேட்கிறோம் என்பதை மறக்கலாகாது.

அவரிடம் கேட்டல்

யாரைக் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாதோ அவரைத்தான் பெரும்பாலும் கடைசியில் கேட்கிறார்கள். இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்திய மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 19ஆம் உறுப்புரை, எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தெரிவு செய்யும் உரிமையைக் குறிப்பிடுகிறது. மனநலம் தொடர்பான நமது பழைய கட்டளைச் சட்டமோ 1873ஆம் ஆண்டுக்குரியது. ஆகவே சட்டத்தின் எழுத்தை மட்டும் நம்பியிராமல், குறைந்தது மூன்று முறையாவது தனிமையில் அமர்ந்து பேசுங்கள். அண்ணன் வீட்டுக்குப் போக விரும்பாத ஒருவர் அக்கா வீட்டுக்குப் போக விரும்பலாம். தோட்டத்துக்கே வேண்டாம், ஹட்டன் நகரில் ஓர் அறை போதும் என்றும் சொல்லலாம். இல்லத்தில் கிடைத்த தோழமையை விட்டுப் பிரிய மனமில்லாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களை வற்புறுத்துவது நமது வேலையன்று.

பத்திரங்கள்

மலையகத்தில் இப்பணி மிக அதிகமாகச் சிக்குவது இங்கேதான். தேசிய அடையாள அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் அடையாள அட்டை பெறுவது கடினம். முதிய தலைமுறையினர் பலரிடம் பிறப்புச் சான்றிதழே இருப்பதில்லை. முதலில் மாவட்டப் பதிவேடுகளில் தேடல் விண்ணப்பம் கொடுங்கள். பிறப்புப் பதிவு கிடைக்காவிட்டால் பதிவாளர் நாயகம் திணைக்களத்தினூடாக உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். தோட்டப் பாடசாலையின் அனுமதிப் பதிவேடு, தோட்ட வைத்தியசாலையின் பிறப்புக் குறிப்பு, ஞானஸ்நானப் பதிவு ஆகியவை இதற்குத் துணையாகும்.

பிரஜாவுரிமை பற்றிய அச்சம் இன்னும் சில முதியோரிடம் உண்டு. 1948ஆம் ஆண்டின் சட்டம் அவர்களது பெற்றோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. ஆனால் அந்த ஒப்பந்தத் திகதியிலிருந்து இலங்கையில் நிரந்தரமாக வசித்து வந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களது சந்ததியினருக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமையை வழங்கிவிட்டது. இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அலுவலகம் கேட்கும் எந்தக் கேள்விக்கும் "எனக்கு ஒன்றும் தெரியாது, ஐயா" என்று ஒதுங்கிக்கொள்ளும் பழக்கம் அவர்களுக்குப் பயத்தினால் வந்தது, அறியாமையினால் வந்ததன்று.

பலரும் கவனிக்காமல் விடும் ஒரு விடயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இல்லத்துக்குச் செல்லும் முன்னர் அவர் தோட்டத்தில் பேர் போட்டு (தினசரி வேலைப் பதிவில் இடம்பெற்று) வேலை செய்தவரானால், அவருடைய ஊழியர் சேமலாப நிதி, அதாவது வேலைக் காலத்தில் சேர்ந்த ஓய்வுகாலச் சேமிப்பு, கோரப்படாமலே இருக்கக்கூடும். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் அதைப் பெறத் தகுதியடைகிறார்கள். நோயினால் நிரந்தரமாக வேலை செய்ய இயலாதவர் அதற்கு முன்னரும் கோரலாம். ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ சேவை செய்திருந்தால் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பணிக்கொடையும் உண்டு. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறியதால் பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பள) பதிவுகள் எங்கே இருக்கின்றன என்று தேட வேண்டியிருக்கும். தோட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள், பதில் வராவிட்டால் மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். கையில் சிறிதளவு சொந்தப் பணத்துடன் திரும்பி வருபவரைக் குடும்பம் வரவேற்கும் விதமே வேறு. இதைச் சொல்வதற்கு வருத்தமாக இருந்தாலும் அதுவே உண்மை. அந்தப் பணம் அவருடைய பெயரிலுள்ள கணக்கிலேயே இருத்தல் வேண்டும். உங்கள் அமைப்பு ஒரு சதத்தையும் தன் கையில் வைத்திருக்கலாகாது.

2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அஸ்வெசும நலன்புரித் திட்டத்தையும், மாற்றுத்திறனாளிகளுக்கும் 70 வயதைக் கடந்தவர்களுக்கும் வழங்கப்படும் கொடுப்பனவுகளையும் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். இவை அனைத்துக்கும் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று தேவைப்படும். முகவரியை முதலில் வைத்ததன் காரணம் இதுவே.

அறை

பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசைக் குடியிருப்பின் ஓர் அறையில், ஏற்கெனவே ஐந்தாறு பேர் வாழும்போது, திரும்பி வருபவருக்கு எங்கே இடம்? நாங்கள் முதன்முதலில் அழைத்து வந்தவரின் விடயத்தில் இந்தக் கேள்வியை நான் கேட்கவேயில்லை. அவருடைய தாயார்தான் வாசலில் நின்றபடி, "தம்பி, கூட்டிக்கிட்டு வந்துட்டீங்க, சரி. ராத்திரிக்கு இவன் எங்க படுப்பான்?" என்று கேட்டார். திரும்பி வந்தவருடைய பங்கில் அவருடைய தம்பியின் மகன் திருமணமாகிக் குடியிருந்தான். மூன்றாம் மாதம் அவர் தாமாகவே இல்லத்துக்குத் திரும்பிச் சென்றார். அந்தத் தவறு முழுவதும் என்னுடையது.

லயன் அறையும் அது நிற்கும் நிலமும் பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் கையில் உள்ளன. எனவே குடும்பத்தின் சம்மதம் மட்டும் போதாது. தோட்டத் துரைக்கும் (முகாமையாளருக்கும்) நலன்புரி உத்தியோகத்தருக்கும் கடிதம் கொடுத்து, இன்னார் இன்ன இலக்க அறையில் குடும்ப உறுப்பினராக வசிப்பார் என்பதை எழுத்தில் பெறுங்கள். இஸ்தோப்பை (முன் திண்ணையை) அடைத்து ஒரு சிறு அறையாக்குவதற்கும் அவர்களது அனுமதி வேண்டும். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு பெற்ற குடும்பமானால் வேலை எளிதாகும். அங்கே வீட்டு இலக்கமும் இருக்கும். லயத்திலோ, கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கே வந்து, யார் கையிலாவது கொடுத்தனுப்பப்படுகின்றன. வைத்தியசாலைக் கடிதமும் கொடுப்பனவு அறிவித்தலும் தவறிவிடாதிருக்க, அலுவலகத்தில் தபாலைப் பிரிப்பவரிடம் நேரில் பேசி வையுங்கள்.

அறை நிற்கும் இடம் மண்சரிவு அபாயம் உள்ளதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்த பகுதியா என்பதையும் கேளுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதையுண்டதைக் கண்ட நாம் இக்கேள்வியைத் தவிர்க்க முடியாது. மழை இரவில் அவசரமாக வெளியேற வேண்டிவந்தால், மருந்தின் மயக்கத்தில் உறங்குபவரை எழுப்பி அழைத்துச் செல்பவர் யார் என்பதை முன்னரே பேசி முடிவு செய்யுங்கள்.

கொழும்புப் பக்கத்து வெக்கையில் பல ஆண்டுகள் இருந்தவர் நுவரெலியாவின் குளிருக்குத் திரும்புகிறார். கம்பளி, சுவெட்டர், தரையிலிருந்து உயர்ந்த கட்டில், வழுக்காத செருப்பு, இரவில் கழிவறைக்குச் செல்ல ஒரு டோர்ச் லைட், அவருக்கென்றே ஒரு தட்டும் கோப்பையும், பூட்டும் திறப்பும் உள்ள ஒரு பெட்டி ஆகியவற்றை அவர் வருமுன் வாங்கி வையுங்கள். பூட்டுள்ள பெட்டியை ஆடம்பரமென்று யாரும் நினைக்க வேண்டாம். இல்லங்களில் நெடுங்காலம் இருந்தவர்களுக்குத் தமக்கென்று ஒரு பொருள் இருந்ததே இல்லை.

மருந்து

அங்கொடையிலோ முல்லேரியாவிலோ உள்ள மனநல வைத்தியசாலையிலிருந்து வருபவரானால், அவர் வெளியேறும் திகதிக்கு முன்னரே அண்மையிலுள்ள அரச வைத்தியசாலையின் மனநல கிளினிக்குக்கு மாற்றுக் கடிதம் சென்றிருக்க வேண்டும். முதல் கிளினிக் நாள், கையிலுள்ள மருந்து முடியும் நாளுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னதாக அமைதல் நன்று. சிலருக்கு மாத்திரைக்குப் பதிலாக இரண்டு அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஊசி போடப்படும். குளோசபின் எடுப்பவருக்கு இரத்தப் பரிசோதனை தவறக்கூடாது. லித்தியம் எடுப்பவருக்கும் அவ்வாறே. அரச மருந்து இலவசமாகக் கிடைத்தாலும், துணைக்குச் செல்பவர் அன்றைய பேரை, அதாவது அன்றைய நாள் வேலையை, இழக்கிறார். ஒரு நாள் சம்பளமும் பஸ் கட்டணமும் சேர்ந்தே பல குடும்பங்களில் மருந்தை நிறுத்துகின்றன. முதல் ஆண்டுக்கு அச்செலவை உங்கள் வரவுசெலவில் தொடர் செலவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

அழைத்து வரும் நாளைத் தெரிவு செய்தல்

முதலில் இரண்டு மூன்று நாள் வந்து தங்கிப் பார்ப்பது நல்லது. அதற்குத் தீபாவளியையோ தோட்டத்துத் திருவிழாவையோ தெரிவு செய்யாதீர்கள். பண்டிகை முற்பணம் கையில் இருக்கும், விருந்தினர் நிறைந்திருப்பார்கள், மதுவும் இருக்கும். அன்று காணும் வீடு மறுவாரம் இருக்காது. கொழுந்து குறைந்து கையில் காசில்லாத ஒரு சாதாரண வாரத்தில் வந்து தங்கிப் பார்த்தவருக்கே உண்மையான முடிவை எடுக்க இயலும். நிறுவனத்தின் பெயர்ப்பலகை உள்ள வாகனத்தில் அழைத்து வர வேண்டாம். "அங்கொடை" என்ற ஊர்ப்பெயரே நம்மிடையே வசைச்சொல்லாகிவிட்டது. அயல் காம்பராக்களுக்கு எதைச் சொல்வது என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

வந்த பின்னர் முதல் வாரத்தில் மூன்று முறை, முதல் மாதம் முடியும்வரை வாரம் ஒருமுறை, அதன்பின் ஓராண்டுக்கு மாதம் ஒருமுறை நேரில் செல்லுங்கள். வீட்டில் யாரும் இல்லாத பகல் வேளையில், கொழுந்து மலைக்கு எல்லோரும் சென்ற பின்னர், ஒருமுறையாவது செல்லுங்கள். அவர் தனியே என்ன செய்கிறார், பகலுணவு உண்டாரா என்பது அப்போதுதான் தெரியும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 தொலைபேசி இலக்கத்தையும், அவசர அம்புலன்ஸ் சேவையின் 1990 இலக்கத்தையும் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

சிறுவர் இல்லங்களிலுள்ள பிள்ளைகளை வீடு சேர்ப்பது வேறு பாதை. அது நன்னடத்தை உத்தியோகத்தரினதும் நீதிமன்றத்தினதும் பொறுப்பில் நடப்பது. அவர்களது வேண்டுகோள் இல்லாமல் அதில் தலையிடாதீர்கள்.

ஒருவருடைய கோப்பை மூடுவதற்கு நாங்கள் நான்கு விடயங்களைப் பார்க்கிறோம். ஓராண்டுக் காலம் கிளினிக் தவறாமல் நடந்திருக்க வேண்டும். கொடுப்பனவு அவருடைய கணக்குக்கே வந்து, அதை அவரே எடுத்துச் செலவிட வேண்டும். துணைக்குச் செல்ல வீட்டில் ஒருவரும் அயலில் ஒருவருமாக இருவர் இருக்க வேண்டும். அவருடைய பெயர் வாக்காளர் இடாப்பில், அந்தத் தோட்டத்தின், அந்த அறையின் கீழ்ப் பதியப்பட்டிருக்க வேண்டும். நான்கில் ஒன்று குறைந்தாலும் கோப்பு மேசையிலேயே இருக்கும்.