ரெண்டு பேரா உக்காந்து ஒரு ஆல்பத்த கேக்குறது எப்படி

ஆல்பத்த முதல்லேந்து கடைசி வரை வரிசையா கேளுங்க, ஷஃபிள் வேணாம், ஃபோன வேற ரூம்ல வச்சிருங்க. நானும் எங்க வீட்டுக்காரரும் ஆரம்பிச்சது இளையராஜாவோட ஹவ் டு நேம் இட், 1986ல வந்தது, தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்குக்கும் (Bach) ராஜா சமர்ப்பணம் பண்ணது. ஓடும்போது பேச்சே கூடாது, முடிஞ்சதும் ஆளுக்கொரு பேப்பர்ல பிடிச்சது ஒண்ணு பிடிக்காதது ஒண்ணு எழுதிட்டுதான் வாய தொறக்கணும், இல்லன்னா முதல்ல பேசுறவங்க பக்கமே மத்தவங்களும் சாஞ்சிருவாங்க, இத மட்டும் விட்றாதீங்க.

பாக்கோட வயலின் பீஸ் மேல ராஜா ஸ்ட்ரிங்ஸ், அதாவது தந்தி வாத்தியங்க, சேர்த்த எடத்துல எனக்கு கண்ணு கலங்கிருச்சு, எங்க வீட்டுக்காரர் பேப்பர்ல "பாக்கோட இசைய தொடாம விட்டிருக்கலாம்"னு இருந்துச்சு! வாதாடாதீங்க, அதே எடத்த திரும்ப போடுங்க. "ஏங்க, கீழ ஓடுற ஸ்ட்ரிங்ஸ மட்டும் கேளுங்க"ன்னேன், கண்ண மூடி கேட்டாரு, அப்பவும் மாறல, ஆனா நான் எத சொல்றேன்னு புரிஞ்சிருச்சு, அது போதும்.

அடுத்த ஆல்பம் மத்தவங்க சாய்ஸ். அவர் எடுத்தது 1988ல வந்த நத்திங் பட் விண்ட், அதுவும் இளையராஜாவோடதுதான், ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல், அதுக்கு ராத்திரி லைட்ட அணைச்சிருங்க.