தீக்குச்சிச் சதுரங்களில் மாறியும் மாறிலியும்

கொஞ்சம் தீக்குச்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு குச்சிகளால் ஒரு சதுரம் வையுங்கள். அதன் வலது ஓரக் குச்சியையே அடுத்த சதுரத்துக்கும் பக்கமாக்கினால், இரண்டாவதற்கு மூன்றே குச்சி போதும். இப்படி ஒட்டிக்கொண்டே போனால் மொத்தக் குச்சிகள் 4, 7, 10, 13 என்று ஏறும்.

படி 1: பிரித்து எழுதுங்கள்

4 = 3 × 1 + 1
7 = 3 × 2 + 1
10 = 3 × 3 + 1

மூன்று வரிகளையும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். 3 அசையவில்லை, கடைசி 1-உம் அசையவில்லை. நடுவில் உள்ள 1, 2, 3 மட்டும் மாறுகிறது. அது சதுரங்களின் எண்ணிக்கை.

படி 2: மாறுகிற இடத்தில் ஓர் எழுத்தை வையுங்கள்

3 × ப + 1. பெருக்கல் குறியை விட்டுவிட்டு 3ப + 1 என்று சுருக்குவது வழக்கம். இதில் ப மாறி. தனியே நிற்கும் 1 மாறிலி. மாறியோடு ஒட்டிய 3-க்குக் கெழு என்று பெயர்; அதுவும் மாறாத எண்தான், ஆனால் 'மாறிலி உறுப்பு எது' என்று கேட்டால் விடை 1 மட்டுமே.

பாடநூல்களில் எக்ஸ், ஒய் வரும். எந்த எழுத்தானாலும் கணக்கு ஒன்றுதான். க, உ, எ, அ ஆகியவற்றை மட்டும் தவிர்ப்பது நல்லது: பழைய தமிழ் எண்களில் 1, 2, 7, 8 இதே வடிவங்களில்தான் இருக்கின்றன.

படி 3: எண்ணை இட்டுச் சரிபாருங்கள்

ப = 4 என்றால் 3 × 4 + 1 = 13. இங்கே 4-ஐ அப்படியே 3-க்குப் பக்கத்தில் ஒட்டி 34 என்று படித்துவிடுவோர் உண்டு. மறைந்திருக்கும் பெருக்கல் குறியை மறந்ததன் விளைவு அது. ஓர் எண்ணை இடும்போதெல்லாம் குறியைத் திரும்ப எழுதிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய பிழை, 3ப + 1 = 4ப என்று கூட்டிவிடுவது. ப = 1 என்று இட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் 4 வரும், சரி என்றே தோன்றும்! ப = 2 என்று இட்டால் 7, 8 என்று குட்டு வெளிப்படும். சதுரங்களை ஒட்டாமல் தனித்தனியே வைத்தால்தான் 4ப குச்சிகள் வேண்டும். ஒரே ஒரு சதுரம் இருக்கும்வரை ஒட்டியது, ஒட்டாதது என்ற வேறுபாடே இல்லையே. அதனால் சரிபார்க்க 0, 1 இரண்டையும் நம்பாதீர்கள். 2-க்கு மேல் ஏதாவது ஓர் எண்ணை எடுங்கள்.

குறிகளையும் கவனியுங்கள். 5ப − 8 என்பதில் மாறிலி −8, வெறும் 8 அல்ல. தனியாக நிற்கும் ப-வின் கெழு 1. எண் எதுவும் தெரியவில்லை என்பதற்காக 0 ஆகிவிடாது.

படி 4: திருப்பிக் கேளுங்கள்

31 குச்சிகளில் எத்தனை சதுரம்? 3ப + 1 = 31. இரு பக்கமும் 1-ஐக் கழித்தால் 3ப = 30, ஆகவே ப = 10. எந்த முழு எண்ணையும் ஏற்றுக்கொண்டிருந்த ப, சமன்பாட்டுக்குள் வந்ததும் ஒரே மதிப்பில் சிக்கிவிட்டது. 30 குச்சிகள் என்றால் ப = 29/3; அரைகுறைச் சதுரம் வைக்க முடியாது, எனவே 9 சதுரம் வைத்தபின் 2 குச்சி மிஞ்சும்.

எழுத்தெல்லாம் மாறி, எண்ணெல்லாம் மாறிலி என்று மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறும் இடம் இனிமேல்தான். வட்டத்தின் சுற்றளவு 2 × பை × ஆரம். இதில் பை பெயரால் எழுதப்பட்டாலும் மாறிலி, ஏறக்குறைய 3.14159. ஆரம்தான் மாறி.

தீக்குச்சிக்கே திரும்புவோம். சதுரத்துக்குப் பதில் முக்கோணங்களை ஒட்டினால் 2ப + 1, ஐங்கோணங்களை ஒட்டினால் 4ப + 1. இதுவரை அசையாதிருந்த 3 இப்போது அசைகிறது. பக்கங்களின் எண்ணிக்கையை ம என்று வைத்தால் (ம − 1)ப + 1. சதுரம் மட்டுமே வைத்தவரை அந்த இடத்தில் மாறாத எண் இருந்தது. வடிவத்தையும் மாற்றலாம் என்றதும் அங்கே இன்னொரு மாறி முளைத்துவிட்டது. இரண்டு கணக்கிலும் விடாப்பிடியாக நிற்பது, முதலில் வைத்த அந்த ஒற்றைக் குச்சி.

ம = 6, ப = 4 என்று இட்டால் 5 × 4 + 1 = 21. நான்கு அறுகோணங்களை ஒட்டி வைத்து எண்ணிப் பாருங்கள்.