கண்ணை மூடினால் தெரியும் விண்வெளியை மேடும் பள்ளமுமாகத் தீட்ட

விண்வெளி என்றதும் நெபுலா (விண்வெளி வாயு, தூசு மேகம்) போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்து வரைய உட்காராதீர்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் கண்ணை மூடி இருங்கள். முழு இருட்டு தெரியாது, நொய்யரிசி இறைத்தாற்போல ஏதோ புள்ளிகள் நெளியும், ஒரு பக்கம் அடர்ந்து இன்னொரு பக்கம் கலையும். எங்கே அடர்த்தி, எங்கே காலி என்று மட்டும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், போதும்.

துணி கேன்வாஸ் வேண்டாம், மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை வாங்குங்கள். என் முதல் படத்துக்கு, வீட்டில் மிச்சமிருந்த சுவர்ப் பட்டியை (வால் புட்டி) கேன்வாஸில் அப்பினேன். மூன்றாம் நாள் தூக்கியபோது துணி வளைந்து, பட்டி அப்பளமாக நொறுங்கி மடியில் கொட்டியது.

பலகையில் மேடு எழுப்பும் பசைக்கு, சலித்த சாக்பீஸ் தூள் ஏறக்குறைய இரண்டு பங்கு, ஃபெவிகால் ஒரு பங்கு, வெள்ளை அக்ரிலிக் ஒரு பங்கு (சலிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்). கரண்டியைக் கவிழ்த்தாலும் விழக்கூடாது, இட்லி மாவு மாதிரி வழிந்தால் இன்னும் தூள் சேருங்கள். ஒரே தடவையில் தடிமனாக அப்பினால் மேல்பகுதி முந்திக் காய்ந்து வெடிக்கும், அதனால் 2, 3 மில்லிமீட்டர் பூசி, ஒரு ராத்திரி விட்டு, அப்புறம் அடுத்த பூச்சு. ஈரம் இருக்கும்போதே பழைய சீப்பு, தேங்காய் நார் என்று கையில் கிடைப்பதை வைத்து இழுங்கள்.

காலியாகக் குறித்த இடத்தில் ஊசியால் குத்துங்கள். அர்ஜென்டினாவில் பிறந்த இத்தாலிய ஓவியர் லூசியோ ஃபொண்டானா 1949-இல் படப்பரப்பையே குத்தி ஓட்டை போட ஆரம்பித்தவர். ஓட்டைக்குள் தெரியும் நிஜ இருட்டுக்கு எந்தக் கறுப்புப் பெயிண்டும் ஈடாகாது, நான் அவரிடம் எடுத்துக்கொண்டது இதைத்தான்.

நிறத்துக்கு வந்தால், டியூப் கறுப்பு செத்துக் கிடக்கும். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பையும் கலந்தால் ஆழமான இருட்டு வரும். காய்ந்த பசை தண்ணீரை உறிஞ்சும், ஆகவே முதலில் வெளிர் சாம்பலில் ஒரு கோட்டிங் அடித்துக் காயவிடுங்கள். பிறகு அந்த இருட்டை நீர்க்கக் கரைத்து எல்லா இடத்திலும் தடவி, காய்வதற்குள் ஈரத்துணியால் மேலாகத் துடைத்தால் பள்ளத்தில் நிறம் தங்கும், மேடு வெளுக்கும். கடைசியில் உலர்ந்த பிரஷ்ஷில் துளி வெள்ளை தொட்டு, மேடுகளின் நுனியை மட்டும் உரசுங்கள். டூத்பிரஷ்ஷால் நட்சத்திரம் தெளிக்க ஆசை வரும். வேண்டாம், போஸ்டர் ஆகிவிடும்.

டியூப்லைட்டுக்கு நேரெதிரே மாட்டினால் பள்ளமே தெரியாது. ஜன்னலை ஒட்டிய பக்கச் சுவரில், வெளிச்சம் சாய்வாக விழும்படி மாட்டுங்கள்.