லாக் ஓபரான் கணக்குகளுக்கு விடை காணும் முறை

ஈ. கோலை பாக்டீரியா லாக்டோஸ் சர்க்கரையைப் பயன்படுத்த உதவும் மரபணுத் தொகுதியான லாக் ஓபரானில் சில பிறழ்வுகளைக் கொடுத்து, லாக்டோஸைச் சிதைக்கும் பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதி எப்போது உருவாகும் என்று கேட்கும் கணக்குகளில், பிறழ்ந்திருப்பது புரதத்துக்கான மரபணுவா, அப்புரதம் வந்து ஒட்டும் டி.என்.ஏ பகுதியா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

இயல்பான செல்லில், ஐ மரபணு தரும் ஒடுக்கிப் புரதம் ஆபரேட்டர் என்ற டி.என்.ஏ பகுதியில் ஒட்டிக்கொண்டு, படியெடுக்கும் நொதியான ஆர்.என்.ஏ பாலிமரேஸ், பீட்டா-கேலக்டோசிடேஸுக்கான இசட் மரபணுவைப் படியெடுக்க விடாமல் தடுக்கிறது. லாக்டோஸ் உள்ளே வந்ததும் அதில் ஒரு பகுதி அல்லோலாக்டோஸாக மாறி, ஒடுக்கியோடு இணைந்து அதன் வடிவத்தை மாற்றுவதால், ஒடுக்கியின் பிடி தளர்கிறது. லாக்டோஸை அல்லோலாக்டோஸாக மாற்றுவதும் பீட்டா-கேலக்டோசிடேஸே. தடை முழுமையானதன்று என்பதால், கசிவாக உருவாகும் சிறிதளவு நொதி செல்லில் எப்போதும் இருக்கும்.

ஓபரானின் இரண்டு பிரதிகள் உள்ள செல்லைக் கொடுத்தால், அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஐ மரபணுவை முதலில் பாருங்கள். புரதம் செல்லெங்கும் பரவக்கூடியது. ஆகவே ஒரு பிரதியில் நல்ல ஐ இருந்தாலே இரண்டு ஆபரேட்டர்களுக்கும் போதும். அல்லோலாக்டோஸை ஏற்காத ஒடுக்கியைத் தரும் ஐ-எஸ் பிறழ்வு இருந்தாலோ, இயல்பான ஆபரேட்டர்கள் இரண்டுமே லாக்டோஸ் வந்த பின்னும் அடைபட்டே கிடக்கும்.

அடுத்து ஆபரேட்டர். மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ஆபரேட்டர் டி.என்.ஏவின் ஒரு பகுதி என்பதால், தன் பிரதியிலுள்ள மரபணுக்களை மட்டுமே அது கட்டுப்படுத்தும். மேல் பிரதியில் நல்ல ஐ, ஒடுக்கி ஒட்ட முடியாத ஓ-சி ஆபரேட்டர், பழுதான இசட். கீழ்ப் பிரதியில் பழுதான ஐ, நல்ல ஆபரேட்டர், நல்ல இசட் என்று வைத்துக்கொள்வோம். மேலே படியெடுத்தல் ஓயாமல் நடந்தாலும் பயனுள்ள நொதி கிடைக்காது. மேலிருந்து பரவிவரும் ஒடுக்கி கீழுள்ள நல்ல இசட்டைக் கட்டுப்படுத்துவதால், லாக்டோஸ் இருந்தால் மட்டுமே நொதி உருவாகும்.

கணக்கில் குளுக்கோஸும் இருந்தால், விடையை இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். அப்போது சைக்ளிக் ஏ.எம்.பி என்ற சிறு மூலக்கூறு குறைவதால், அதன் துணையோடு, பாலிமரேஸ் ஒட்டும் இடமான புரோமோட்டர் அருகே ஒட்டிப் பாலிமரேஸுக்கு உதவும் சி.ஏ.பி புரதம் செயல்படாது. ஓ-சி பிறழ்வுள்ள பிரதியில்கூடப் படியெடுத்தல் மந்தமாகவே நடக்கும்.

விடையை ஆய்வகத்தில் சோதிக்க, பீட்டா-கேலக்டோசிடேஸ் சிதைத்தால் நீல நிறம் தரும் எக்ஸ்-கேல் கலந்த தட்டில் பாக்டீரியாவை வளர்க்கலாம். எக்ஸ்-கேல் தானாக ஓபரானைத் தூண்டாது என்பதால், தூண்டுபொருளான ஐ.பி.டி.ஜி சேர்க்காத தட்டிலும் கூட்டங்கள் நன்கு நீலமானால், ஒடுக்கியின் கட்டுப்பாடு அங்கே இல்லை என்று முடிவு செய்யலாம்.