அப்கிரேடுக்குப் பிறகு லினக்ஸ் பூட் ஆகவில்லையா? அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதற்கு முன்

அப்கிரேட் முடிந்து ரீஸ்டார்ட் செய்கிறீர்கள், கறுப்புத் திரை. உடனே பென்டிரைவைத் தேடி எல்லாவற்றையும் அழித்துப் போட உட்கார்ந்துவிடாதீர்கள். பெரும்பாலும் சிஸ்டம் கெட்டுப்போயிருக்காது. அப்கிரேட் பாதியில் நின்றிருக்கும். மீதி வேலையை முடித்துக் கொடுத்தால் எழுந்துவிடும். இங்கே சொல்வது உபுண்டு, டெபியன், மின்ட் மூன்றுக்கும் பொருந்தும். கட்டளைகளை உச்சரிப்பில் தருகிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

முதலில் பழைய கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) நுழைந்து பாருங்கள். கணினி ஆன் ஆகும்போது எஸ்கேப் கீயை ஒரு முறை தட்டினால் கிரப் மெனு (எந்தக் கெர்னலில் தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் திரை) வரும். பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய், இரண்டாவதாக உள்ள பதிப்பு எண்ணைத் தேர்ந்தெடுங்கள். அது பூட் ஆனால் டிஸ்க் நன்றாகவே இருக்கிறது, கோளாறு புதிய கெர்னலிலோ அதன் டிரைவரிலோதான் என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே போனதும் 'ஜர்னல்சிடிஎல் --பூட்=-1 --ப்ரையாரிட்டி=எர்' (கடைசிச் சொல் இ, ஆர், ஆர் என்று மூன்று எழுத்து) கொடுத்தால், முந்தைய பூட்டில் வந்த பிழைகள் மட்டும் தெரியும். மிக ஆரம்பத்திலேயே நின்றுபோன பூட் அதில் பதிவாகியிருக்காது.

அப்படி ஆரம்பத்திலேயே நிற்கும்போது திரையில் அடிக்கடி காண்பது 'கெர்னல் பேனிக்', கூடவே 'அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ்'. ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று பயப்பட வைக்கும் வரி இது. ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நிரம்பி வழியும் பூட் பார்ட்டிஷனை. டிஸ்க் என்கிரிப்ஷனோடு இன்ஸ்டால் செய்த கணினிகளில் /பூட் தனிப் பார்ட்டிஷனாக, சிறியதாக இருக்கும். புதிய கெர்னல் ஃபைல் அதில் இறங்கிவிடும்; அடுத்து இனிட்ராம்எஃப்எஸ் ஃபைலை எழுதும்போது இடம் தீர்ந்துவிடும். டிஸ்க்கைப் படிக்கத் தேவையான மாட்யூல்கள் அந்த இரண்டாவது ஃபைலில்தான் உள்ளன. அது இல்லாத கெர்னலுக்கு டிஸ்க் கண்ணிலேயே படாது.

'டிஎஃப் -எச் /பூட்' என்று பாருங்கள். 100% காட்டினால் காரணம் கிடைத்துவிட்டது. 'யூநேம் -ஆர்' இப்போது ஓடும் கெர்னலைச் சொல்லும். அதைத் தொடவே கூடாது. 'டிபிகேஜி -எல்' பட்டியலில் 'லினக்ஸ்-இமேஜ்' என்று தொடங்குபவற்றில் மிகப் பழையதை 'சூடோ டிபிகேஜி --பர்ஜ்' கொடுத்து நீக்குங்கள். வேறொரு பேக்கேஜ் அதை நம்பியிருக்கிறது என்று தடுத்தால், அந்தப் பெயரையும் அதே வரியில் சேர்த்துக் கொடுங்கள். /பூட் ஃபோல்டருக்குள் போய் ஃபைல்களைக் கையால் அழிப்பது தவறு: பேக்கேஜ் இன்னும் இருப்பதாகவே சிஸ்டம் நினைத்துக்கொண்டிருக்கும், அடுத்த அப்டேட்டில் மறுபடி சிக்கும்.

இடம் கிடைத்ததும் இதே வரிசையில்:

சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ
சூடோ ஏபிடி --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்
சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஆல்
சூடோ அப்டேட்-கிரப்

இரண்டாவது கட்டளை எதையெல்லாம் நீக்கப்போகிறது என்று பட்டியல் காட்டும். நிதானமாகப் படியுங்கள். டெஸ்க்டாப் பேக்கேஜ் அதில் இருந்தால் 'என்' தட்டி வெளியே வந்துவிடுங்கள். 'லாக்' பிழை (பேக்கேஜ் டேட்டாபேஸ் பூட்டப்பட்டிருக்கிறது என்பது) வந்தாலோ, பின்னணியில் வேறொரு அப்டேட் ஓடுகிறது என்று பொருள், முடியும்வரை பொறுங்கள். லாக் ஃபைலை அழிக்கச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள், ஒரே டேட்டாபேஸில் இரண்டு புரோகிராம்கள் எழுதினால் அது உண்மையாகவே கெட்டுவிடும்.

லாகின் வரை வந்து திரை கறுத்துப்போவது வேறு விஷயம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்து வடிவில் லாகின் கேட்டால் சிஸ்டம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கிராஃபிக்ஸ் மட்டும் எழவில்லை. என்விடியா கார்டு உள்ளவர்கள் 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' பாருங்கள் (ஒவ்வொரு கெர்னலுக்கும் டிரைவரைத் தயாரித்துக் கொடுக்கும் கருவி டிகேஎம்எஸ்). புதிய கெர்னலின் எண்ணுக்கு எதிரே 'இன்ஸ்டால்டு' என்று இல்லையென்றால், அந்தக் கெர்னலுக்கான 'லினக்ஸ்-ஹெடர்ஸ்' பேக்கேஜைப் போட்டு, அதே கெர்னலில் இருந்தபடி 'சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்' ஓட்டுங்கள். எழுத்துத் திரையும் வராவிட்டால், கிரப் மெனுவில் 'ஈ' தட்டி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். இது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான்.

டிரைவர் 'இன்ஸ்டால்டு' என்று இருந்தும் லோடு ஆகவில்லையா? 'மோக்யூடில் --எஸ்பி-ஸ்டேட்' கொடுத்து செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் இல்லாத டிரைவர்களைத் தடுக்கும் பாதுகாப்பு) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் ஆகியிருந்தால், அப்கிரேடின்போது வைக்கச் சொன்ன பாஸ்வேர்டை, அடுத்த ரீஸ்டார்ட்டில் வரும் நீலத் திரையில் 'என்ரோல் எம்ஓகே' தேர்ந்தெடுத்துத் தர வேண்டும். அது சில நொடிகளே நிற்கும். தவறவிட்டால் கெர்னல் அந்த டிரைவரை ஏற்காது. உபுண்டுவில் 'சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --என்ரோல்-கீ' கொடுத்தால் அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை திரும்ப வரும்.

வெளியிலிருந்து சேர்த்த பிபிஏக்களை (கூடுதல் மென்பொருள் களஞ்சியங்கள்) உபுண்டு அப்கிரேட் தானே நிறுத்திவைக்கும். புதிய பதிப்புக்கு அவை வந்துவிட்டனவா என்று பார்த்து ஒவ்வொன்றாக மீண்டும் இயக்குங்கள். தேவையற்ற பேக்கேஜ்களை நீக்கும் 'சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ்' மட்டும், புதிய கெர்னல் ஒழுங்காக பூட் ஆன பிறகு.